மூளையில் 'சும்மா இருக்கும்' கலத்துக்கு எதற்கு மைனஸ் 90 மில்லிவோல்ட்?

உவர்மலை வயரிங் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை செய்கிறேன், வீடுகள், உப்புவெளி நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள், இடையிடையே படகு மோட்டர்களும். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். இரவில் அவள் வாய்விட்டுப் படிக்கும்போது நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்பேன். போன கிழமை நரம்புத்தொகுதி வந்தது, அதில் ஒரு இடம் எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

அவளுடைய ரியூசன் குறிப்பில் இருப்பது இதுதான். மூளையில் நரம்புக்கலம் ஒரு வகை, கிளியா கலம் இன்னொரு வகை. நரம்புக்கலம் மின்சைகையை அனுப்பும். கிளியா அதைத் தாங்கும், போசிக்கும், பசை மாதிரி ஒட்டி வைக்கும், ஆனால் 'மின்சார ரீதியில் செயலற்றது'. நரம்புக்கலங்களை விடக் கிளியா பத்து மடங்கு அதிகம் என்றும் எழுதியிருக்கிறது. சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தில் அவளே வேறு எங்கோ பார்த்துப் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள்: ஓய்வில் இருக்கும்போது நரம்புக்கலத்தின் உள்பக்கம் மைனஸ் 70 மில்லிவோல்ட், கிளியாவின் உள்பக்கம் மைனஸ் 90 வரை.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. என் தொழிலில் ஒரு வேலையும் செய்யாத வயருக்கு யாரும் வோல்டேஜ் கொடுத்து வைக்க மாட்டார்கள், அதுவும் வேலை செய்கிற வயரை விட அதிகமாக. அந்த வோல்டேஜைப் பிடித்து வைக்கவே உடம்பு எதையாவது செலவழிக்க வேண்டுமே? மகளிடம் கேட்டேன், சேரிடம் கேட்டதற்கு அது பரீட்சைக்கு வராது என்றாராம். பரீட்சைக்கு வராவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும். யாராவது தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், மின்சாரப் பக்கம் எவ்வளவு ஆழமாகப் போனாலும் எனக்குப் பிரச்சினை இல்லை.

கோணேசபுரி எழுதியது:

அண்ணா, மகள் பென்சிலால் எழுதிய வரி சரி. குறிப்பில் இருக்கும் 'செயலற்றது' என்ற சொல்தான் தப்பு. நான் உடற்றொழிலியல் படிப்பிக்கிறேன், முதலாம் வருடப் பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சொல்லோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள், அதைக் கழற்றவே எனக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும்.

முதலில் அந்த வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கலத்தைச் சுற்றிக் கொழுப்பாலான மென்சவ்வு, தடிப்பு சுமார் 5 நனோமீற்றர், நல்ல இன்சுலேற்றர். உள்ளே பொற்றாசியம் நிறைய, லீற்றருக்கு 140 மில்லிமோல் அளவில். வெளியே 3 அளவில்தான். சோடியம் இதற்கு நேர்மாறு, வெளியே கூட, உள்ளே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கி வைப்பது மென்சவ்வில் இருக்கும் ஒரு பம்ப். ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ 1957இல் அதைக் கண்டுபிடித்தார், 1997இல் அதற்கு நோபல் பரிசு. செலவு இருக்கிறதா என்று கேட்டீர்கள், நிறைய இருக்கிறது: மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு ஓய்வில் எடுக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது, அதில் பெரும்பங்கை இப்படி அயன்களைத் திருப்பி ஏற்றுகிற வேலைதான் சாப்பிடுகிறது.

இப்போது மென்சவ்வில் பொற்றாசியம் மட்டும் போகக்கூடிய துவாரங்கள் இருப்பதாக வையுங்கள். உள்ளே கூட இருப்பதால் பொற்றாசியம் வெளியே கசியும். போகிற ஒவ்வொன்றும் ஒரு நேர் ஏற்றத்தைக் கொண்டு போவதால் உள்ளே எதிர் ஏற்றம் மிஞ்சும், அது மீதிப் பொற்றாசியத்தைப் பிடித்து இழுக்கும். ஒரு கட்டத்தில் கசிவும் இழுப்பும் சமனாகிவிடும். 140க்கும் 3க்கும் உடல் வெப்பநிலையில் கணக்குப் போட்டால் மைனஸ் 100 மில்லிவோல்ட்டுக்குக் கிட்ட வரும். கிளியாவில் முக்கியமாக ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவக் கலம் ஓய்வில் கிட்டத்தட்டப் பொற்றாசியத்துக்கு மட்டும்தான் கதவு திறந்து வைத்திருக்கிறது, அதனால் அது மைனஸ் 80, 90 என்று அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். நரம்புக்கலத்திலோ சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவதால் மைனஸ் 70க்கு இழுபட்டு விடுகிறது. ஆக அந்த 90 'கூடுதல் சப்ளை' இல்லை அண்ணா, வேறு எதுவும் கசியாத சுத்தமான பொற்றாசிய வோல்டேஜ்.

70 மில்லிவோல்ட் சின்னது என்று நினைக்க வேண்டாம். அது 5 நனோமீற்றருக்குள் நிற்கிறது, மீற்றர் கணக்குக்கு மாற்றினால் 1 கோடியே 40 இலட்சம் வோல்ட். காற்று 30 இலட்சத்திலேயே பொறி விட்டு உடையும், உங்களுக்குத் தெரியும்.

அப்புறம், கிளியா என்ன செய்கிறது? 1966இல் ஸ்டீபன் கஃப்ளர், ஜான் நிக்கல்ஸ், ரிச்சர்ட் ஓர்க்கண்ட் மூவரும் நெக்டுரஸ் என்ற நீர்வாழ் சலமாண்டரின் பார்வை நரம்பில் இதைத்தான் பார்த்தார்கள். கிளியாவுக்குள் கண்ணாடி ஊசி மின்வாயைக் குத்தி வைத்துக்கொண்டு வெளியே பொற்றாசியத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். கலத்தின் வோல்டேஜ் சமன்பாடு சொன்னபடியே ஏறி இறங்கியது, பொற்றாசியம் அளக்கும் கருவி மாதிரி. பிறகு பக்கத்திலுள்ள நரம்பு நார்களைத் தூண்டினார்கள். நார்களில் ஆயிரத்தில் ஒரு நொடிக் கணக்கில் துடிப்பு ஓடி முடிந்தது. கிளியாவில் அதற்குப் பின்னால் மெதுவாக ஒரு ஏற்றம் வந்து நொடிக்கணக்கில் நின்று இறங்கியது, திரும்பத் திரும்பத் தூண்டினால் ஏற்றம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. ஒவ்வொரு துடிப்பின்போதும் நரம்பு வெளியே விட்ட பொற்றாசியத்தைக் கிளியா உணர்கிறது. எவ்வளவு ஏறினாலும் கிளியா தானாகத் துடிக்கவில்லை.

மகளிடம் சொல்லுங்கள், 'செயலற்றது' என்பதற்குப் பதிலாக 'தாக்க அழுத்தத்தை (நரம்பில் ஓடும் அந்தத் துடிப்பை) உண்டாக்காது' என்று எழுதினால் போதும். அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது: ஒலிகோடென்ட்ரோசைட் என்ற இன்னொரு வகைக் கிளியாவாக மாறப் போகும் முன்னோடிக் கலங்களில் சோடியக் கால்வாய்களும் (சோடியம் போகும் துவாரங்கள்) உண்டு, நரம்புக்கலங்களிடமிருந்து நேரடி நரம்பிணைப்பும் அவற்றுக்கு வருகிறது.

கொட்டியாரக்குடா எழுதியது:

கோணேசபுரி சொன்னதற்குக் கடலில் இருந்து ஒரு உதாரணம் தருகிறேன். நாங்கள் மீன்பிடிக் குடும்பம், நான் இப்போது ஆஸ்பத்திரித் தாதி.

பேத்தை மீன் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். என் மாமா ஒருவர் இளவயதில் அதன் சினையைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார். முதலில் உதடு மரத்தது, பிறகு நாக்கு, பிறகு விரல்கள். கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கோப்பை கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். பிறகு எழும்ப முடியவில்லை, மூச்சு குறைந்துகொண்டே போனது, ஆனால் சுற்றி நின்று அழுதவர்கள் பேசியது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து செயற்கையாகச் சுவாசம் கொடுத்ததால் பிழைத்தார். அதற்கு மாற்று மருந்து கிடையாது, நஞ்சு கழியும் வரை மூச்சை ஓட்டிக் கொடுப்பதுதான் வைத்தியம். யாராவது சாப்பிட்டு உதடு மரக்கிறது என்றால் ஒரு நிமிடமும் வைத்திருக்காதீர்கள், உடனே கொண்டு ஓடுங்கள்.

அந்த நஞ்சு டெட்ரோடோடொக்சின். ஜப்பானில் பிறந்த தோஷியோ நராஹாஷி 1964இல் அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்: துடிப்பைக் கிளப்புகிற சோடியக் கால்வாயின் வாயை அடைத்துவிடுகிறது, பொற்றாசியப் பக்கத்தைத் தொடுவதில்லை. அதனால் மாமாவின் நரம்புகளில் ஓய்வு வோல்டேஜ் அப்படியே இருந்திருக்கும், துடிப்பு மட்டும் எழவில்லை. கேள்வி கேட்ட அண்ணாவுக்காகச் சொன்னால், சப்ளை இருக்கிறது, சுவிட்ச் இறுகிப் போய்விட்டது. ஆஸ்ட்ரோசைட்டில் அதே நஞ்சைப் போட்டால் அதன் மைனஸ் 90 அசையாது, அது இந்தச் சோடியக் கதவை நம்பி நிற்கவே இல்லை.

இன்னொன்று. துடிப்பு எப்படி எழுகிறது என்று உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் ஊசிக்கணவாயின் உறவுக்காரர்கள்தான். கணவாயின் முதுகுச் சுவரில் ஓடும் இராட்சத நரம்பு நார் பெரிய இனங்களில் அரை மில்லிமீற்றரில் இருந்து ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பு. ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் அதன் நீளத்துக்கு உள்ளே ஒரு மெல்லிய மின்வாயைச் செருகி அளந்தார்கள். உள்பக்கம் பூச்சியத்துக்கு வந்து நிற்கும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள், அது பூச்சியத்தையும் தாண்டி நேர்ப்பக்கம் போனது. உடனே யுத்தம் வந்து வேலை நின்றுவிட்டது. முழுக் கணக்கும் 1952இல்தான் வெளிவந்தது, 1963இல் நோபல். அண்ணா, ஞாயிறு கணவாய் வாங்கினால் சுத்தம் பண்ணும்போது வயிற்றுப் பக்கமாகக் கீறி விரித்து, முன்பக்கம் உள்சுவரில் இரண்டு பக்கமும் பாருங்கள், வெள்ளையாக நட்சத்திரம் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். அதிலிருந்துதான் அந்த நார் புறப்படுகிறது.

உவர்மலை வயரிங் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மகளை எழுப்பி வைத்து வாசித்துக் காட்டினேன். கோணேசபுரி, ஒரு சந்தேகம். நரம்பு வெளியே விட்ட பொற்றாசியத்தைக் கிளியா உணர்கிறது என்றீர்கள். உணர்ந்து என்ன செய்கிறது? எனக்குத் தோன்றுவது எர்த் மாதிரி ஏதோ ஒன்று. லைனில் தேவையில்லாமல் ஏறியதை இறக்கி விடுகிற வேலை. நான் நினைப்பது சரியா, இல்லை என் தொழிலை எல்லாவற்றிலும் பார்க்கிறேனா? அப்புறம் நரம்பு நாரைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையும் கிளியாதான் என்று மகள் சொல்கிறாள், அது வயரின் இன்சுலேசன்தானே?

கோணேசபுரி எழுதியது:

நீங்கள் போன திசை சரி. எர்த்தை விட இன்னும் பொருத்தமான ஒன்று உங்கள் தொழிலிலேயே இருக்கிறது, குளியலறையில் குழாய், இரும்புச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே செப்புக் கம்பியால் இணைத்து விடுவீர்களே, எங்கும் வோல்டேஜ் வித்தியாசம் வராமல் இருக்க. ஆஸ்ட்ரோசைட்டுகள் தனித்தனியாக இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உள்ளவை சின்னத் துளைகளால் கோத்து ஒரே வலையாக இருக்கின்றன, அயன்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். ஓரிடத்தில் நரம்புகள் கடுமையாக வேலை செய்து வெளியே பொற்றாசியம் 3இலிருந்து 6க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். அந்த இடத்துக் கலத்தின் வோல்டேஜ் மேலே வர வேண்டும், ஆனால் வலை முழுவதும் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. அந்த வித்தியாசம் பொற்றாசியத்தை அங்கே உள்ளே தள்ளுகிறது, வலைக்குள் ஓட்டம் நடக்கிறது, பொற்றாசியம் குறைவாக உள்ள தூரத்து இடத்தில் வெளியே வருகிறது. சேர்ந்த இடத்தில் இருந்து பரவலாக்கி விடுகிறார்கள், அவ்வளவுதான். கஃப்ளர் குழுவே 1966இல் இதை ஊகித்துச் சொல்லியிருந்தது. இதற்குத்தான் கிளியா மைனஸ் 90இல் நிற்க வேண்டியிருக்கிறது. பம்பும் பக்கத்திலேயே தன் பங்குக்கு உறிஞ்சும்.

ஒரு வித்தியாசம் மட்டும் நினைவில் வையுங்கள், உங்கள் கம்பியில் போவது இலத்திரன், அது போய்ச் சேர்வதால் கம்பிக்குச் சுற்றியுள்ள காற்று மாறாது. இங்கே போவது பொருள். பொற்றாசியம் சேர்கிற இடத்தில் வோல்டேஜ் மட்டுமல்ல, பக்கத்து நரம்புக்கலங்களின் குணமே மாறிவிடும். வெளியே பொற்றாசியம் கூடினால் நரம்பும் துடிப்புக்குக் கிட்டே வந்துவிடும், துடித்தால் இன்னும் பொற்றாசியம் வெளியே வரும். வலிப்பின்போது அது லீற்றருக்கு 10, 12 மில்லிமோல் வரை போய் அங்கே முட்டி நிற்கிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆஸ்ட்ரோசைட்டின் முக்கியமான பொற்றாசியக் கால்வாயின் மரபணுவில் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு, தள்ளாட்டம், காது கேளாமை, சிறுநீரக உப்புச் சிக்கல் எல்லாம் சேர்ந்து வருவது 2009இல் வெளிவந்தது. 'செயலற்ற' கலத்தின் ஒரே ஒரு துவாரம் கெட்டதற்கு.

மயலினுக்கு வருவோம். இன்சுலேசன்தான், ஆனால் அதிர்ச்சி அடிக்காமல் இருக்கப் போட்ட இன்சுலேசன் இல்லை. நீளமான கேபிளில் சைகை ஏன் மெதுவாகி மங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும், கபாசிட்டன்ஸ். கடலடித் தந்திக் கேபிளுக்காக கெல்வின் 1855இல் போட்ட சமன்பாட்டையேதான் நரம்பு நாருக்கும் போடுகிறோம். மென்சவ்வின் கபாசிட்டன்ஸ் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 மைக்ரோஃபரட், அது மிகப் பெரிது, நீளம் முழுவதும் அதைச் சார்ஜ் பண்ணிக்கொண்டே போனால் வேகம் வராது. ஒலிகோடென்ட்ரோசைட் தன் மென்சவ்வைப் பாய் சுருட்டுவது மாதிரி நாரைச் சுற்றிப் பல அடுக்காகச் சுற்றுகிறது. கபாசிற்றர்களைத் தொடராக வைத்தால் மொத்தம் குறையுமே, அதே கதை, கசிவும் குறைகிறது. இடையிடையே விட்ட இடைவெளிகளில் மட்டும் துடிப்பு புதிதாக எழுகிறது. மயலின் இல்லாத கணவாய் நார் அரை மில்லிமீற்றர் தடித்தும் நொடிக்கு 25 மீற்றர் அளவில்தான் ஓட்டும். நம் உடம்பில் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தடிப்புள்ள மயலின் நார் 100 மீற்றரைத் தாண்டும். (கை கால் நரம்புகளில் இதே வேலையைச் செய்வது ஷ்வான் கலம்.)

நிலாவெளி ரீச்சர் எழுதியது:

பொற்றாசியம் ஏறிப் பரவுவது என்று வாசித்ததும் எழுதத் தோன்றியது. எனக்குப் பதினாறு வயதில் இருந்து ஒற்றைத் தலைவலி. தலைவலிக்கு முன்னால் கண்ணில் ஒன்று வரும். போன மாதம் சாம்பல்தீவுப் பாலத்தில் பஸ் போகும்போது வந்தது. முன் சீற்றில் எழுதியிருந்த எழுத்தில் நடு எழுத்து மட்டும் இல்லை. கண்ணைக் கசக்கினேன், இல்லை. அந்தக் காலி இடத்தைச் சுற்றி மினுமினுக்கும் ஒரு வளைவு, கோட்டை மதில் மாதிரி முனை முனையாக. அது மெல்ல மெல்லப் பெரிதாகிப் பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஓரத்தைத் தாண்டி மறைய இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. பிறகு வலி.

இதை நான் தேடித் தேடிப் படித்தேன். கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் சொந்தக் கண்ணில் வந்த வளைவையே குறித்து வைத்து, அதை உண்டாக்குவது மூளையின் பார்வைப் பகுதியில் நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர் நகர்கிறது என்று 1941இல் கணக்குப் போட்டார். 1944இல் பிரேசில்காரர் லெயாவோ முயலின் மூளையில் மின் செயற்பாடு அடங்கிப் போகும் ஒரு அலையைக் கண்டார், அதுவும் நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான். அலை போகும் இடத்தில் வெளியே பொற்றாசியம் 12ஐ எல்லாம் தாண்டி 30க்கு மேல் ஏறிவிடுகிறது, நரம்புக்கலங்களும் கிளியாவும் சேர்ந்தே வோல்டேஜை இழக்கின்றன. நரம்புத் துடிப்பு நொடிக்கு மீற்றர் கணக்கில் ஓடும், இது எறும்பை விட மெதுவாகப் போகிறது, ஏனென்றால் பொற்றாசியமும் மற்றப் பொருட்களும் கசிந்து பக்கத்தைத் தொட வேண்டும். என் கண்ணுக்கு முன்னால் இருபத்திரண்டு நிமிடம் நகர்ந்தது அந்தக் கசிவுதான் என்று தெரிந்த பிறகு எனக்குப் பயம் பாதியாகக் குறைந்தது. முன்பெல்லாம் பார்வை போகப் போகிறது என்றே நினைப்பேன். உங்களில் யாருக்காவது முதல் தடவையாக இப்படி வந்தால் வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள், பக்கவாதத்தின் தொடக்கமும் சில சமயம் இதைப் போல இருக்கும்.

மின்வரைவு எழுதியது:

நான் இ.இ.ஜி. (மூளையின் மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்து பதிவது) எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அண்ணாவுக்கு ஒரு திருத்தமும் ஒரு தகவலும். பத்து மடங்கு கிளியா என்பது பழைய கணக்கு. 2009இல் பிரேசிலில் மூளைத் திசுவைக் கரைத்துக் கலங்களின் கருக்களை எண்ணிப் பார்த்தபோது நரம்புக்கலங்கள் 8,600 கோடி, மற்றக் கலங்களும் கிட்டத்தட்ட அதே அளவு. மகளின் குறிப்பில் திருத்தி விடுங்கள்.

தலையில் நாங்கள் ஒட்டும் மின்வாய்களில் வருவது மைக்ரோவோல்ட் கணக்கில்தான். அது தனித்தனித் துடிப்பு இல்லை, ஆயிரமாயிரம் நரம்புக்கலங்களின் நரம்பிணைப்புகளில் ஒன்றாக ஓடும் மின்னோட்டம். கிளியாவின் நொடிக்கணக்கான மெதுவான ஏற்ற இறக்கமும் தலைக்கு வெளியே கொஞ்சம் வரும், ஆனால் வியர்வையாலும் மின்வாயாலும் வரும் நகர்வு தாளைக் கெடுக்கக் கூடாதென்று கருவியில் கீழ் அதிர்வெண்ணை வடிகட்டி விடுகிறோம், அதோடு அதுவும் போய்விடும். நம் ஊர் வெயிலில் அந்த வடிகட்டி இல்லாமல் ஒரு பக்கம்கூட ஒழுங்காக எடுக்க முடியாது.

உவர்மலை வயரிங் எழுதியது:

ஞாயிறு சந்தையில் ஊசிக்கணவாய் ஒரு கிலோ வாங்கினோம். மகள் கத்தரிக்கோலால் வயிற்றுப் பக்கம் வெட்டி விரித்தாள், நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். முதல் கணவாயில் கிழிந்துவிட்டது. இரண்டாவதில் தெரிந்தது, உள்சுவரில் இரண்டு பக்கமும் அரிசி அளவில் வெள்ளை முடிச்சு, அதிலிருந்து நூல் நூலாகப் பிரிந்து சதைக்குள் போகிறது. எல்லா நூலும் ஒரே தடிப்பில்லை, வால் பக்கம் போவதுதான் தடிப்பு. மகள் பல்குத்தும் குச்சியால் அதை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். இப்போது அவள் கேட்கும் கேள்வி: சந்தைக் கணவாயின் நாரில் இன்னும் வோல்டேஜ் இருக்குமா?

கோணேசபுரி எழுதியது:

ஐஸில் கிடந்ததில் இருக்காது மகள், பொற்றாசியம் எப்போதோ கசிந்து போயிருக்கும். உயிரோடு பிடித்து உடனே எடுத்த நாரைக் கடல்நீரில் வைத்தால் மணிக்கணக்கில் துடிக்கும். 1961இல் பேக்கர், ஹொட்ஜ்கின், ஷோ மூவரும் அதற்கும் மேலே போனார்கள். நாரின் மேல் ஒரு சின்ன உருளையை உருட்டி, பற்பசைக் குழாயைப் பிதுக்குவது மாதிரி உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே பிதுக்கிவிட்டு, வெறும் பொற்றாசிய உப்புக் கரைசலை ஊற்றி நிரப்பினார்கள். நார் முன்பு மாதிரியே துடித்தது. உள்ளே சோடியத்தை நிரப்பிப் பார்த்தார்கள், நின்றுவிட்டது. மறுபடி பொற்றாசியத்தை ஊற்றினார்கள், திரும்பத் துடிக்கத் தொடங்கியது.